மின்வெட்டுக்குப் பிறகு கணினி எழவில்லை: விண்டோஸும் வரவில்லை, உபுண்டுவும் வரவில்லை

கொக்குவில் ஆசிரியை | சனி, இரவு 8.20

அனைவருக்கும் வணக்கம். வீட்டு மேசைக்கணினி நேற்று மாலையிலிருந்து எழவில்லை. கொழும்பில் ஓர் அலுவலகத்தில் பாவித்துக் கழித்த கணினியை வாங்கி வந்தோம். மகன் உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படித்த காலத்தில், விண்டோஸ் 10 இருந்த அதே எஸ்எஸ்டி சேமிப்பு வட்டில் உபுண்டு 22.04 என்ற இலவச இயங்குதளத்தையும் போட்டான். கணினியைப் போட்டதும் எழுத்திலான ஒரு மெனு வரும். எது வேண்டுமோ அதைத் தெரிவு செய்துகொள்வேன். அவன் இப்போது மொறட்டுவையில் படிக்கிறான். பரீட்சைக் காலம் என்பதால் அவனைக் குழப்ப மனம் வரவில்லை.

நேற்றுப் பிற்பகல் இடியும் மழையும். மின்சாரம் போய் வந்தது. மாலையில் கணினியைப் போட்டபோது கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் இரண்டு மூன்று வரிகள் வந்தன. எஃப்1 விசையை அழுத்து என்று இருந்தது, அழுத்தினேன். வழக்கமான மெனு வரவில்லை. நேரே விண்டோஸ் தொடங்கி, நீலத் திரையில் 'இன்அக்ஸசிபிள் பூட் டிவைஸ்' என்று நின்றது. பிறகு தானாகவே பழுது பார்க்கிறேன் என்று சுழன்று, முடியவில்லை என்று சொல்லி, மீண்டும் அதே நீலத் திரை.

இன்று காலை நகரத்தில் ஒரு கடைக்குக் கொண்டு போனேன். பத்து நிமிடம் பார்த்துவிட்டு, ஃபோர்மட் செய்து எல்லாம் புதிதாகப் போட வேண்டும் என்றார்கள். உள்ளே இருப்பவை என்னவாகும் என்று கேட்டேன். உறுதி சொல்ல முடியாது என்றார்கள். கணினியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

உள்ளே இருப்பது என் அப்பாவின் நாட்குறிப்பு. 1987 முதல் 2004 வரை எழுதிய பதினான்கு கொப்பிகள். இரண்டு டிசம்பர் விடுமுறைகளில் உட்கார்ந்து பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்தேன். 2,300 பக்கங்களுக்கு மேல். மூலக் கொப்பிகளில் ஆறைக் கறையான் தின்றுவிட்டது. அந்த ஆறுக்கும் இப்போது இந்தக் கணினியைத் தவிர வேறு இடம் இல்லை. தனியாக இருக்கும் 1 டிபி வன்தட்டில், விண்டோஸில் டி என்று காட்டும் பகுதியில் வைத்திருந்தேன்.

ஃபோர்மட் செய்யாமல் வழி உண்டா?

ரொறன்ரோ யாழ்ப்பாணத்தான் | சனி, இரவு 9.05

ரீச்சர், இது தொடக்கப் பகுதி பழுதான கேஸ் போலத் தெரிகிறது. விண்டோஸ் நிறுவும் பென் டிரைவ் ஒன்றைப் போட்டு, பழுதுபார்க்கும் பகுதியில் கட்டளைத் திரையைத் திறந்து, பூட்ரெக் கட்டளையை ஃபிக்ஸ்எம்பிஆர் என்பதோடு கொடுங்கள். நான் வெள்ளவத்தையில் இருந்த காலத்தில் உபுண்டு சீடியை இலவசமாகத் தபாலில் அனுப்புவார்கள். அதைப் போட்டுப் பலமுறை கணினியைக் குழப்பியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் இந்த ஒரு கட்டளைதான் காப்பாற்றியது.

சுன்னாகத்தார் | சனி, இரவு 9.40

ரீச்சர், தயவுசெய்து இன்றிரவு அந்தக் கணினியில் எதையும் அழுத்த வேண்டாம். தானாகப் பழுது பார்க்கும் சுழற்சியையும் இனி ஓட விடாதீர்கள். வன்தட்டில் ஏதாவது எழுதிவிடும். ஃபோர்மட் என்ற சொல்லை எவர் சொன்னாலும் கணினியைக் கொடுக்காதீர்கள். இப்போது உங்கள் கையில் இருப்பது எழும்ப வழி தெரியாமல் நிற்கும் கணினி. ஃபோர்மட்டுக்குப் பிறகு இருக்கப்போவது நாட்குறிப்பு இல்லாத கணினி.

ரொறன்ரோ தம்பி சொன்ன கட்டளை ஒரு காலத்தில் சரியானதுதான். வன்தட்டின் முதல் 512 பைட்டில் தொடக்க நிரல் இருந்த காலம் அது. அதில் நிரலுக்கென்று இருந்த இடம் 446 பைட் மட்டுமே. அதை உபுண்டு எடுத்துக்கொண்டால் விண்டோஸ் மறையும், விண்டோஸ் எடுத்துக்கொண்டால் உபுண்டு மறையும். ஃபிக்ஸ்எம்பிஆர் அந்த இடத்தைத்தான் திருத்தி எழுதுகிறது. விண்டோஸ் 10 காலத்துக் கணினிகள் பெரும்பாலும் யூஇஎஃப்ஐ என்ற புதிய தொடக்க முறையில் எழும்புகின்றன. ஃபாட்32 வடிவத்தில் தனியாக ஒரு சிறு பிரிவு இருக்கும். அதற்குள் விண்டோஸுக்கு ஒரு கோப்புறை, உபுண்டுவுக்கு ஒரு கோப்புறை, இரண்டும் பக்கத்துப் பக்கத்தில். தாய்ப்பலகை எந்தக் கோப்பைக் கூப்பிடுகிறதோ அது எழும்பும். அங்கே இந்தக் கட்டளைக்கு வேலை இல்லை.

எனக்கு மூன்று விடயங்கள் தெரிய வேண்டும். எஃப்1 அழுத்தச் சொன்ன திரையில் 'சீமோஸ்' என்ற சொல் இருந்ததா? அண்மைக் காலமாகக் கணினியின் மணிக்கூடு பிழையாக ஓடியதா, அப்படியென்றால் எவ்வளவு பிழை? வன்தட்டிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வருகிறதா?

கொக்குவில் ஆசிரியை | சனி, இரவு 10.10

நன்றி ஐயா. சத்தம் எதுவும் இல்லை. எஃப்1 திரையைக் கைபேசியில் படம் எடுத்து வைத்திருந்தேன், இப்போது பெரிதாக்கிப் பார்த்தேன். 'சீமோஸ் செக்சம் எரர், டிஃபோல்ட்ஸ் லோடட்' என்று இருக்கிறது.

மணிக்கூட்டைப் பற்றி நீங்கள் கேட்ட பிறகுதான் யோசித்தேன். ஒரு மாதமாகவே காலையில் கணினியைப் போட்டால் 2017 ஜனவரி என்று காட்டும். இணையத்தளங்கள் திறக்காமல், பாதுகாப்பான இணைப்பு இல்லை என்று எச்சரிக்கும். திகதியைத் திருத்தினால் எல்லாம் சரியாகிவிடும். ஆகவே பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சுன்னாகத்தார் | சனி, இரவு 11.15

ரீச்சர், இன்று நிம்மதியாக உறங்குங்கள். உங்கள் கணினியில் பழுதானது பெரும்பாலும் ஒரு நாணயம் அளவான பற்றரி மட்டும்தான்.

தாய்ப்பலகையில் சிஆர் 2032 என்று ஒரு வெள்ளிநிறப் பற்றரி இருக்கும். 20 மில்லிமீற்றர் அகலம், 3.2 மில்லிமீற்றர் தடிப்பு, அந்த இலக்கத்தின் பொருளே அதுதான். கணினிக்கு மின்சாரம் இல்லாத நேரத்தில் மணிக்கூட்டை ஓட்டுவதும், பயோஸ் என்ற, தாய்ப்பலகையின் தொடக்க மென்பொருளின் அமைப்புகளைக் காப்பதும் இந்த 3 வோல்ற்தான். சுவர்ச் சுவிச்சு போட்டபடி இருந்தால் கணினி அணைந்திருக்கும் நேரத்திலும் தாய்ப்பலகைக்கு 5 வோல்ற் வந்துகொண்டிருக்கும், பற்றரி சும்மா இருக்கும். நம்முடைய ஊரில் இடி இடித்தால் எல்லா பிளக்கையும் கழற்றிவிடுவோம், இரவில் சுவிச்சை நிறுத்திவிடுவோம். அது நல்ல பழக்கம், விடாதீர்கள். ஆனால் பற்றரி இங்கே ஒவ்வோர் இரவும் வேலை செய்கிறது. நாலைந்து ஆண்டுகளில் களைத்துவிடும். பழைய கணினி வாங்கினால், அதற்குள் இருந்த பற்றரி எத்தனை வயதானது என்று எவருக்கும் தெரியாது.

உங்கள் பற்றரி ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. திகதி எட்டு ஆண்டுகளுக்கு மேல் பின்னே போனது முதல் அடையாளம். இணையத்தளங்கள் மறுத்ததும் அதனால்தான். தளத்தின் சான்றிதழுக்குத் தொடங்கும் நாளும் முடியும் நாளும் உண்டு. 2017 இல் இருக்கும் கணினிக்கு இன்றைய சான்றிதழ் இன்னும் பிறக்கவில்லை. நேற்று மின்சாரம் போனபோது பற்றரி கடைசியாகக் கைவிட்டது. தாய்ப்பலகை 'சீமோஸ்' என்ற தன் நினைவைச் சரிபார்த்தது, கணக்கு ஒத்துவரவில்லை, தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பிவிட்டது. அதைத்தான் அந்த வெள்ளை எழுத்து சொன்னது.

அடுத்து நீலத் திரை. வன்தட்டோடு பேசும் முறைக்குப் பயோஸில் ஓர் அமைப்பு இருக்கிறது, 'சாட்டா மோட்' அல்லது 'சாட்டா ஒப்பரேஷன்' என்று எழுதியிருக்கும். அலுவலகங்களுக்கெனச் செய்யும் கணினிகள் பலவற்றில் தொழிற்சாலை அமைப்பு ரெய்டு. உபுண்டு நிறுவும்போது அதை ஏஎச்சிஐ என்று மாற்றச் சொல்லிக் கேட்பது உண்டு. உங்கள் மகன் மாற்றியிருப்பான். விண்டோஸ், தொடக்கத்திலேயே எந்தச் செலுத்தி மென்பொருளை எழுப்ப வேண்டும் என்று குறித்து வைத்திருக்கும். முறை மாறினால் தான் இருக்கும் வட்டையே அதனால் எட்ட முடியாது. வட்டு நன்றாக இருக்கும், கோப்புகள் இருக்கும், கதவின் பூட்டு மட்டும் மாறியிருக்கும். மெனு வராததற்கும் இதே மூலம். யாரை முதலில் கூப்பிடுவது என்ற வரிசையும் அழிந்து, விண்டோஸ் முன்னுக்கு வந்துவிட்டது.

செய்ய வேண்டிய ஒழுங்கு முக்கியம். முதலில் பற்றரி. இல்லாவிட்டால் நீங்கள் திருத்தும் அமைப்பு அடுத்த மின்வெட்டோடு மீண்டும் போய்விடும். பிளக்கைக் கழற்றி, கணினியின் தொடக்கப் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள், உள்ளே தேங்கிய மின்சாரம் இறங்கிவிடும். பெட்டியின் உலோகத்தை ஒருமுறை தொட்டுவிட்டுத் திறவுங்கள். பற்றரியின் ஓரத்தில் இருக்கும் சிறு கொக்கியைத் தள்ளினால் மேலே வரும். சக (+) அடையாளம் மேலே தெரியும்படி புதியதை வையுங்கள். மணிக்கூட்டுக் கடையில், மருந்துக்கடையில்கூடக் கிடைக்கும், சர்க்கரை அளவு பார்க்கும் கருவிகள் சிலவற்றுக்கும் இதே பற்றரிதான். வாங்கும்போது உறை பிரிக்காததாக வாங்குங்கள். மல்ரிமீற்றர் உள்ளவர் இருந்தால் அளந்து பாருங்கள், புதியது 3 வோல்ற்றுக்குச் சற்று மேலே காட்டும்.

பிறகு பயோஸுக்குள் போய்த் திகதி, நேரம், சாட்டா முறை மூன்றையும் திருத்துங்கள். திருத்துவதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள்.

அதன் பிறகும் நேரே விண்டோஸுக்குள் போக வேண்டாம். இது என் பிடிவாதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆறு கொப்பிகளுக்கு வேறு பிரதி இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் உபுண்டு பென் டிரைவில் கணினியை எழுப்பி, நிறுவாமல் முயன்று பார்க்கும் வழியில் உள்ளே போய், அப்பாவின் கோப்புறையை வெளி வன்தட்டு ஒன்றுக்குப் பிரதி எடுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

வட்டுக்கோட்டை வாசகன் | ஞாயிறு, காலை 6.50

ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பென் டிரைவ் 8 ஜிபி போதும், உபுண்டு 24.04 இன் கோப்பு ஏறத்தாழ 6 ஜிபி. கைபேசித் தரவில் இறக்கினால் பணம் கரைந்துவிடும், நல்ல இணைப்பு உள்ள வீட்டில் இறக்குங்கள். இன்னொரு விண்டோஸ் கணினியில் ரூஃபஸ் என்ற மென்பொருளால் பென் டிரைவில் எழுதலாம். கோப்பை வெறுமனே பிரதி எடுத்துப் போட்டால் எழும்பாது, என் தங்கை அப்படிச் செய்து அரை நாள் வீணாக்கினாள்.

உபுண்டுவுக்குள் போனதும் 'டிஸ்க்ஸ்' என்ற செயலியில் வன்தட்டு தன் நலத்தைத் தானே பதிந்து வைக்கும் ஸ்மார்ட் தகவலைப் பாருங்கள். பழுதான பகுதிகளின் எண்ணிக்கை பூச்சியமாக இருந்தால் அமைதியாகப் பிரதி எடுக்கலாம். ஏறிக்கொண்டு போகிறதென்றால் முதலில் கறையான் தின்ற கொப்பிகளின் பக்கங்களை எடுத்துவிடுங்கள், மற்ற எட்டையும் பிறகு மூலத்திலிருந்து மீண்டும் ஸ்கேன் செய்யலாம்.

ஒரு யூபிஎஸ் வாங்குவதையும் யோசியுங்கள். 2022 மார்ச் இறுதியில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் இல்லாமல் இருந்தோம். அந்த மாதங்களில் எனக்குத் தெரிந்த மூன்று வீடுகளில் வன்தட்டு போனது.

ரொறன்ரோ யாழ்ப்பாணத்தான் | ஞாயிறு, காலை 8.30

சுன்னாகத்தார் ஐயா, விளக்கத்துக்கு நன்றி. என் கட்டளையை ரீச்சர் செய்து பார்க்காததில் எனக்குத்தான் பெரிய ஆறுதல். 2009 இல் பழகியதை இன்றைய கணினிக்குச் சொல்லிவிட்டேன்.

நாணயப் பற்றரி என்றதும் ஒரு நினைவு. 1990 இல் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு வந்த மின்சாரம் நின்ற பிறகு, நாங்கள் மிதிவண்டியைத் தலைகீழாக நிறுத்தி டைனமோவைச் சுற்றித்தான் வானொலிச் செய்தி கேட்டோம். ரோர்ச் பற்றரி, போர்க்காலத்தில் அரசாங்கம் தடைசெய்த பொருள்களில் ஒன்று. கிடைத்த பற்றரியை வெயிலில் காயவைத்து மீண்டும் பாவிப்போம். பற்றரி இல்லாவிட்டால் ஒரு வீடு எவ்வளவு இருண்டு போகும் என்பது நம் தலைமுறைக்குத் தெரியும்.

கொக்குவில் ஆசிரியை | ஞாயிறு, இரவு 9.30

ஐயா, பிரதி எடுத்துவிட்டேன். இதை எழுதும்போது கை நடுங்குகிறது.

பற்றரியை என் தம்பி மாற்றித் தந்தார். பழையது 1.9 வோல்ற்தான் காட்டியது. பயோஸில் சாட்டா முறை நீங்கள் சொன்னபடியே ரெய்டு என்று இருந்தது, ஏஎச்சிஐ என்று மாற்றினேன். எஃப்12 அழுத்திப் பென் டிரைவிலிருந்து உபுண்டுவை எழுப்பினோம். ஸ்மார்ட் தகவலில் பழுது பூச்சியம். டி பகுதியைத் திறந்தபோது அப்பாவின் கோப்புறை அப்படியே இருந்தது. தம்பியின் வெளி வன்தட்டுக்குப் பிரதி எடுக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பிறகு இரு பக்கமும் கோப்புகளின் எண்ணிக்கையையும் மொத்த அளவையும் ஒப்பிட்டேன், ஒன்றே. ஒவ்வொரு கொப்பியிலிருந்தும் இரண்டு பக்கங்களைத் திறந்து பார்த்தேன்.

நாலாவது கொப்பியில் தற்செயலாகத் திறந்த பக்கம் 1992 ஆவணியில் எழுதியது. ரொறன்ரோ அண்ணா எழுதியதைக் காலையில் படித்திருந்ததால் அந்தப் பக்கத்தில் நின்றுவிட்டேன். அப்பா தன் தோட்டத்துப் புகையிலையில் ஒரு கட்டைக் கொடுத்து இரண்டு பற்றரி வாங்கி வந்ததை எழுதியிருக்கிறார். அதன் விலையையும் எழுதி, அம்மாவுக்குச் சொல்லவில்லை என்றும் எழுதியிருக்கிறார்.

விண்டோஸை நாளைதான் எழுப்புவேன்.

நெல்லியடி மாணவன் | ஞாயிறு, இரவு 10.15

வணக்கம். என் மடிக்கணினியிலும் உபுண்டு எழவில்லை, அதனால் இங்கேயே கேட்கிறேன். விண்டோஸ் 11 நன்றாக வேலை செய்கிறது. பல மாதங்களாக உபுண்டு பக்கம் போகவில்லை. இன்று தெரிவு செய்தபோது, ஷிம், எஸ்பேட் என்ற சொற்களோடு, 'செக்கியூரிட்டி பொலிசி வயலேஷன்' என்று ஒரு வரி வந்து மடிக்கணினி அணைந்துவிட்டது. நானும் பற்றரியை மாற்ற வேண்டுமா?

திருநெல்வேலி வளாக மாணவி | ஞாயிறு, இரவு 11.00

தம்பி, உங்களுடையது முற்றிலும் வேறு நோய். மடிக்கணினியைத் திறக்க வேண்டாம்.

2024 ஆகஸ்ட் 13 இல் வந்த விண்டோஸ் பாதுகாப்புப் புதுப்பிப்பு, பாதுகாப்பு ஓட்டை உள்ள பழைய தொடக்க நிரல்களை எழும்ப விடாமல் தடுக்கும் பட்டியல் ஒன்றைத் தாய்ப்பலகையில் எழுதியது. கிரப் என்ற உபுண்டுவின் தொடக்க நிரலில் 2022 இல் கண்ட ஓட்டையை அடைப்பதே நோக்கம். இரண்டு இயங்குதளங்கள் உள்ள கணினிகளை இது தொடாது என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்திருந்தது. ஆனால் அத்தகைய கணினிகள் பலவற்றில் அந்தப் பட்டியல் எழுதப்பட்டுவிட்டது. ஷிம் என்பது கிரப்புக்கு முன் எழும்பும் சிறு நிரல், எஸ்பேட் என்பது அந்தத் தடைப்பட்டியல். பழைய ஷிம் உள்ள உபுண்டுவை, நம்பத்தக்க தொடக்க நிரலை மட்டும் எழும்ப விடும் செக்கியூர் பூட் இப்போது மறுக்கிறது. பழைய உபுண்டு பென் டிரைவ்களும் இதே வரியைக் காட்டி அணைந்துவிடும்.

செக்கியூர் பூட்டைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டும். அதற்கு முன் விண்டோஸ் 11 இல் உங்கள் வட்டு பிட்லொக்கர் என்ற குறியாக்க வசதியால் பூட்டப்பட்டிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். உங்களை அறியாமலே பூட்டப்பட்டிருக்கலாம். பூட்டியிருந்தால், பயோஸில் கை வைத்ததும் 48 இலக்க மீட்புத் திறவுகோலை விண்டோஸ் கேட்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது சேமிக்கப்பட்டிருக்கும். அதைக் கண்டுபிடித்துக் கடதாசியில் எழுதி வைத்துவிட்டுத்தான் அடுத்த அடி.

நிறுத்திய பின் உபுண்டு எழும்பும். முனையத்தில், அதாவது கட்டளை எழுதும் சாளரத்தில், சூடோ என்பதோடு மொக்யூட்டில் கட்டளையைக் கொடுங்கள். இரண்டு சிறு கோடுகள், அதை ஒட்டிச் செட், கோடு, எஸ்பேட், கோடு, பொலிசி என்று இடைவெளி இல்லாமல், பிறகு ஓர் இடைவெளி விட்டு டிலீட். உபுண்டுவை ஒருமுறை மீள எழுப்பி, புதுப்பிப்புகள் எல்லாவற்றையும் போடுங்கள், புதிய ஷிம் அதோடு வரும். பிறகு செக்கியூர் பூட்டை மீண்டும் இயக்குங்கள். நிறுத்தியபடியே விட்டுவிடாதீர்கள் தம்பி, அந்த ஓட்டை உண்மையானது.

கொக்குவில் ஆசிரியை | திங்கள், மாலை 5.45

பாடசாலை முடிந்து வந்து விண்டோஸை எழுப்பினேன். எந்தத் தடையும் இல்லாமல் வந்தது. கடையில் ஃபோர்மட் செய்யச் சொன்ன அதே விண்டோஸ்.

ஆனால் பழைய மெனு வரவில்லை. பயோஸின் தொடக்க வரிசையில் விண்டோஸ் மட்டும்தான் இருக்கிறது. உபுண்டு என்ற பெயரே இல்லை. அழிந்துவிட்டதா?

திருநெல்வேலி வளாக மாணவி | திங்கள், மாலை 6.20

அழியவில்லை ரீச்சர். வரிசையில் இருந்த பெயர் மட்டும் போயிருக்கிறது. பயோஸின் அந்தப் பக்கத்திலேயே 'அட் பூட் ஒப்ஷன்' என்று இருக்கும். அதைத் தெரிவு செய்தால் கோப்பைத் தேடும் சிறு சாளரம் வரும். இஎஃப்ஐ என்ற கோப்புறைக்குள் உபுண்டு என்ற கோப்புறை. அதற்குள் ஷிம் என்று தொடங்கி எக்ஸ்64 என்று முடியும் கோப்பைத் தேர்ந்து, பெயராக உபுண்டு என்று கொடுத்து, வரிசையில் மேலே ஏற்றிச் சேமியுங்கள். அந்தக் கோப்பு அங்கே இருந்தால் உங்கள் மெனு திரும்ப வரும்.

கோப்பு இல்லாவிட்டால் மட்டும் பென் டிரைவிலிருந்து கிரப்பை மீண்டும் நிறுவ வேண்டியிருக்கும். அதற்கு அவசியம் வரும் என்று நான் நினைக்கவில்லை.

கொக்குவில் ஆசிரியை | திங்கள், இரவு 7.40

மெனு வந்துவிட்டது! உபுண்டுவும் வந்துவிட்டது. உங்களுக்கு மனமார்ந்த நன்றி மகள்.

இரண்டு சந்தேகங்கள் மிச்சம் இருக்கின்றன. உபுண்டுவிலிருந்து டி பகுதியைத் திறக்க முடிகிறது, ஆனால் புதிதாக எதையும் சேமிக்க விடுவதில்லை. மற்றது, விண்டோஸில் மாலை 6.50 ஆக இருந்தது. உபுண்டுவில் சில நிமிடம் இருந்துவிட்டு மீண்டும் விண்டோஸுக்குப் போனால் பிற்பகல் 1.30 என்று காட்டுகிறது. புதுப் பற்றரியும் பழுதா?

சுன்னாகத்தார் | திங்கள், இரவு 8.50

பற்றரி நன்றாக இருக்கிறது. மணிக்கூடு ஆண்டுக்கணக்கில் பின்னே போனால் பற்றரி. சரியாக ஐந்தரை மணி நேரம் தவறினால் அது இரண்டு இயங்குதளங்களுக்கு இடையிலான கருத்து வேறுபாடு. உங்கள் நிமிடங்களைக் கணக்குப் பாருங்கள், ஐந்தரைதான் வரும்.

தாய்ப்பலகையின் மணிக்கூட்டில் இருப்பது உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் எடுத்துக்கொள்கிறது. உபுண்டு அதை உலகப் பொது நேரம் என்று எடுத்து, நம் நாட்டுக்குரிய ஐந்தரை மணியைக் கூட்டிக் காட்டுகிறது. இணையம் கிடைத்ததும் உபுண்டு நேரத்தைத் திருத்தி, தாய்ப்பலகையில் உலகப் பொது நேரத்தை எழுதிவிடுகிறது. பிறகு விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று வாசித்தால் ஐந்தரை மணி நேரம் பின்னால் நிற்கும்.

1996 இல் அரசாங்கம் மின்சாரத்தைச் சேமிக்கவென்று நேரத்தை முன்னே தள்ளியது உங்களுக்கு நினைவிருக்கும். முதலில் ஆறரை, பிறகு ஆறு. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் பழைய நேரமே நடந்தது. பயணம் போகிறவர்கள் புது நேரமா பழைய நேரமா என்று கேட்டுத்தான் பஸ்ஸுக்கு நிற்பார்கள். 2006 ஏப்ரலில் ஐந்தரைக்குத் திரும்பிய பிறகுதான் அந்தக் குழப்பம் தீர்ந்தது. உங்கள் கணினியிலும் ஒரே மணிக்கூட்டை இருவர் இரு விதமாக வாசிக்கிறார்கள், யாராவது ஒருவர் மற்றவர் வழிக்கு வர வேண்டும். எளிது உபுண்டுவை மாற்றுவது. முனையத்தில் டைம்டேட்சிடிஎல் கட்டளையை, செட், கோடு, லோக்கல், கோடு, ஆர்டிசி என்று கொடுத்து, ஓர் இடைவெளி விட்டு 1 என்ற இலக்கத்தைச் சேருங்கள். ஏன் இப்படி என்று உபுண்டு ஓர் எச்சரிக்கை எழுதும். கோடை காலத்தில் நேரத்தை மாற்றும் நாடுகளுக்கான எச்சரிக்கை அது, நமக்குப் பிரச்சினை இல்லை.

டி பகுதிக்கு வருகிறேன். விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்ரார்ட்அப்' என்று ஒரு வசதி விண்டோஸ் 8 காலத்திலிருந்து இருக்கிறது. அணைக்கும்போது முழுதாக அணையாமல், பாதி உறக்கத்தில் போய்விடும். அடுத்த முறை விரைவாக எழும்புவதற்காக. அந்த உறக்கத்தில், என்டிஎஃப்எஸ் என்ற விண்டோஸ் வடிவத்தில் உள்ள வட்டுப் பகுதிகளைத் தன் கைக்குள்ளேயே வைத்திருக்கும். உபுண்டு அதைப் பார்த்து, உறங்குகிறவரின் பெட்டியில் கை வைக்காமல் வாசிக்க மட்டும் திறக்கிறது. அது மறுத்தது நல்லது. இரண்டு பக்கமும் எழுதியிருந்தால் கோப்பு அட்டவணையே குழம்பியிருக்கும். விண்டோஸின் மின்சக்தி அமைப்பில், பொத்தான்கள் என்ன செய்ய வேண்டும் என்ற பக்கத்துக்குப் போய் அதை நிறுத்திவிடுங்கள். பிறகு விண்டோஸை ஒருமுறை முழுதாக அணைத்துவிட்டு உபுண்டுவுக்கு வாருங்கள்.

இன்னுமொன்று. விண்டோஸ் 10 க்கான வழமையான பாதுகாப்புப் புதுப்பிப்பு 2025 ஒக்டோபர் 14 ஓடு நின்றுவிட்டது. இணையம், வங்கி வேலைகளை உபுண்டு பக்கத்திலிருந்து செய்யுங்கள். அந்தப் பழைய விண்டோஸை ஸ்கேனருக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நெல்லியடி மாணவன் | செவ்வாய், காலை 7.10

அக்கா, உபுண்டு வந்துவிட்டது. நீங்கள் சொன்னது போலவே வட்டு பூட்டப்பட்டுத்தான் இருந்தது, எனக்குத் தெரியவே தெரியாது. திறவுகோலை முதலில் எழுதி வைத்திருக்காவிட்டால் என் செயற்றிட்டம் முழுவதும் போயிருக்கும். செக்கியூர் பூட்டை மீண்டும் இயக்கிவிட்டேன்.

வட்டுக்கோட்டை வாசகன் | செவ்வாய், மாலை 4.30

ரீச்சர், தம்பியின் வெளி வன்தட்டு உங்கள் வீட்டிலேயே இருக்கிறதா, அவர் வீட்டிலா? இரண்டு பிரதியும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் ஒரு பிரதிதான் என்று நான் கணக்கு வைப்பேன். இடி ஒரு வீட்டைத் தேடி வரும்போது இரண்டு வன்தட்டையும் சேர்த்துத்தான் தேடும்.

கொக்குவில் ஆசிரியை | புதன், இரவு 8.05

தம்பியின் வன்தட்டு மானிப்பாயில் அவருடைய வீட்டில் இருக்கிறது. மூன்றாவது பிரதி ஒன்றை மகனுக்கு அனுப்புவதற்காக இன்று ஒரு வன்தட்டு வாங்கினேன், பரீட்சை முடிந்து வரும்போது கொண்டு போவான். அவனுக்கு நேற்று இரவு எல்லாவற்றையும் சொன்னேன். ரெய்டு அமைப்பை மாற்றியது தான்தான் என்றும், அதை எங்கேயும் எழுதி வைக்காமல் விட்டது தன் தவறு என்றும் சொன்னான். பயோஸ் பக்கங்களின் படங்களை அச்செடுத்து, பற்றரி மாற்றிய திகதியையும் எழுதி, கணினிப் பெட்டியின் உட்புறத்தில் ஒட்டிவிட்டேன்.

இரண்டு பக்கமும் இப்போது ஒரே நேரம் காட்டுகிறது. டி பகுதியில் எழுதவும் முடிகிறது. இன்று ஐந்தாவது கொப்பியைத் தட்டச்சு செய்யத் தொடங்கினேன்.

சுன்னாகத்தார் | புதன், இரவு 9.00

நல்லது ரீச்சர். பிளக்கைக் கழற்றும் பழக்கத்தை விடாதீர்கள். பற்றரியை நான்காம் ஆண்டில் மாற்றிவிடுங்கள், அது சொல்லும் வரை காத்திருக்க வேண்டாம். பழைய பற்றரியைச் சிறு பிள்ளைகள் எடுக்கும் இடத்தில் போடாதீர்கள். விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக் குழாயை அரித்துவிடும். இரண்டு பக்கமும் ஒட்டுநாடா சுற்றி, எட்டாத இடத்தில் வையுங்கள்.